அம்மா சொன்ன நட்சத்திரம்

திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த தெருவில் எதிர்வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. வாசலில் வாழைமரம் கட்டி, நாதஸ்வரம் வைத்து, கிழவரையும் அவர் மனைவியையும் மணையில் உட்காரவைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த வயதில் அவர் அந்த அம்மாளுக்கு இன்னொரு தடவை தாலி கட்டினார். பிள்ளைகளும் மருமக்களும் வரிசையாகக் காலில் விழுந்து எழுந்தார்கள். நானும் போய் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வந்தவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் அப்பாவுக்கும் அந்த விகாரி வருஷத்தில்தான் அறுபது முடிகிறது. எங்களுக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று தோன்றியது. பொறாமைதான், வேறென்ன. அதற்குப் பாசம் என்று பேர் வைத்துக்கொண்டு மறுவாரமே கன்னிவாடி பஸ் ஏறிவிட்டேன்.

கிளம்புகிற அன்று காலையில் எதிர்வீட்டுக்காரர் வாசலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசேஷம் நல்லபடியாக நடந்ததே என்று விசாரித்தேன். "என்னத்த நடந்துச்சு. எனக்கு என்ன வயசுன்னு தெருவுக்கே தமுக்கடிச்சுட்டாங்க. அன்னையிலேருந்து எல்லாரும் கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டி விடுறாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற சுபாவம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் பிறந்தநாள் என்று யாரும் கொண்டாடியதில்லை. குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். அதோடு சரி. அதற்கப்புறம் ஒருவன் பிறந்ததை ஊர் நினைத்துப் பார்ப்பது அறுபதில்தான், அதுவும் வசதி உள்ள வீடுகளில்தான். இப்போது எனக்கே எழுபது தாண்டிவிட்டது. வருஷா வருஷம் பிள்ளைகள் கேக் வாங்கி வந்து என்னை வெட்டச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருக்கிறது.

எங்கள் ஊர் கன்னிவாடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில். ஒரு கிணறு, கொஞ்சம் கத்திரி, கொஞ்சம் சோளம், நாலு தென்னை. நான் ஒருத்திதான் பிள்ளை. நான் போனபோது அப்பா கத்திரிச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"கெழவனுக்கு எதுக்கு ஆத்தா கல்யாணம்? ஊரு சிரிக்கும்" என்றார். நிமிரக்கூட இல்லை.

சரிதான், மனுஷர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். நாலு செடி தள்ளிப் போனபிறகு, "மாலையெல்லாம் போடுவாகளோ?" என்று கேட்டார். போடுவார்கள் என்றேன். இன்னும் இரண்டு செடி. "சம்பங்கியா, ரோசாவா?" என்றார். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார் என்று தெரிந்தது. வாரத்துக்கு ஒரு தரம் சவரம் செய்துகொள்கிறவர், அன்று மத்தியானமே போய் மழமழவென்று வந்து நின்றார்.

அம்மாவும் முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இந்த வயசுலயா? தாலியத் திரும்பவும் கட்டுவாகளா?" என்று கேட்டாள். எதிர்வீட்டில் பார்த்ததை நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஐயர் இரண்டு பேருடைய பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிச் சங்கல்பம் செய்வார், அப்புறம் ஹோமம், அப்புறம் கலசத் தண்ணீர், அப்புறம் தாலி என்று அடுக்கினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"என் நட்சத்திரத்தையும் சொல்லணுமா?"

"பின்னே? உங்க ரெண்டு பேருக்கும்தானே கல்யாணம்."

"அவுகளுக்குத்தானே அறுவது. அவுக பேரச் சொன்னாப் போதாதா?"

"போதாது. ஐயர் ரெண்டு பேரோடதும்தான் கேப்பாரு. உனக்கு ரோகிணி, அப்பாவுக்கு அஸ்தம். இதுல என்ன இருக்கு?"

அம்மா மிச்ச வெங்காயத்தை உரித்து முடித்தாள். அன்று வெஞ்சனத்தில் உப்பே இல்லை. அப்பா சந்தோஷத்தில் அதைக் கவனிக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

அப்பாவுக்கு ஓர் அக்கா உண்டு. எங்கள் அத்தை. அம்மாவைப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததே அவள்தான். அதனால் இந்த இரண்டாவது கல்யாணத்தையும் தானே நடத்த வேண்டும் என்று பக்கத்து ஊரிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டாள். ஐயரைப் பார்த்து, ஆவணியில் அஸ்தம் வருகிற நாளைக் குறித்துக்கொண்டு வந்தாள். நான் திண்டுக்கல்லுக்கும் ஊருக்குமாக அலைந்தேன். என் வீட்டுக்காரர், "உனக்குக் கல்யாணம் நடந்தப்பக்கூட நீ இம்புட்டு அலையலையே" என்று கிண்டல் செய்தார்.

அம்மாவின் சாக்குகள் ஆரம்பித்தன. முதலில் முட்டி வலி, மணையில் உட்கார முடியாது என்றாள். அப்பா அன்றைக்கே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு பாட்டில் தைலம் வாங்கி வந்தார். வலிக்காத முட்டியில் அம்மா நாலு நாள் அந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டாள். வீடே நாறியது. அப்புறம், பங்காளி வீட்டில் ஒரு கிழவர் இழுத்துக்கொண்டிருக்கிறார், தீட்டு வந்துவிடும் என்றாள். அந்தக் கிழவர் மறுவாரம் எழுந்து வந்து எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனார். கடைசியில் சாக்கெல்லாம் தீர்ந்துபோய், "எனக்கு இது பிடிக்கல. விட்டுருங்க" என்று சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நாள் குறித்தாகிவிட்டது. நாதஸ்வரக்காரருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தாகிவிட்டது. இந்தப் பொம்பளைக்கு என்ன வந்தது? அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவள் களத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் முறத்தைப் பிடுங்கித் தூர வைத்தேன்.

"என்னதான் உனக்குக் குறை? சொல்லித் தொலை."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். களத்தில் இரண்டு கோழிகள்தான் இருந்தன.

"எனக்கு ரோகிணி இல்லடி. பூராடம்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். பூராடத்தில் பிறந்த பெண்ணின் கழுத்தில் தாலி நிலைக்காது என்று எங்கள் பக்கத்தில் பயப்படுவார்கள். மருமகள் எடுக்கிறவர்கள் பூராடம் என்றால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அம்மாவுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

"ஏழு எடத்துலேருந்து கேட்டு வந்தாக. சாதகத்தப் பாத்ததும் எந்திரிச்சுப் போயிட்டாக. எனக்கு இருவத்து மூணு ஆயிருச்சு. எட்டாவதா வந்தது உங்க அத்தை. அதுக்கு முன்னாடியே எங்கய்யா புதுசா ஒண்ணு எழுதிட்டாரு."

அம்மாவைப் பெற்றவர் ஊர்க்கணக்கு எழுதியவர். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர். மகளுடைய வயதில் நாலு வருஷத்தைக் குறைத்து, பிறந்த வருஷமான துன்முகியைச் சார்வரி ஆக்கி, பூராடத்தை ரோகிணி ஆக்கி, கட்டமெல்லாம் போட்டுப் புது ஜாதகமே எழுதிவிட்டார். பழைய ஜாதகத்தை அடுப்பில் போட்டுவிட்டார்.

"எழுதுறப்ப நாந்தான் மைக்கூட்டப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன்" என்றாள் அம்மா.

நான் விரல்விட்டு எண்ணினேன். துன்முகி மார்கழியில் இவள். விகாரி ஆவணியில் அவர். "அப்ப நீ அப்பாவ விட மூத்தவளா?"

"ரெண்டே முக்கா வருசம்."

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். எட்டு வயது சின்னவள் மாதிரி அப்பாவுக்கு முன்னால் ஒடுங்கி நிற்கிற என் அம்மா, அவரைவிட மூத்தவள்! அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நீ சிரிப்பேடி. உனக்கு மூணு வயசுல அவுகளுக்கு விசக்காய்ச்சல் வந்து கோரப்பாயில போட்டிருந்துச்சு. அப்புறம் தண்ணி இறைக்கிறப்ப கமலை வடம் அந்து கிணத்துக்குள்ள விழுந்தாக. சோளக்காட்டுல பாம்பு கடிச்சுச்சு. ஒவ்வொரு தடவையும் நாந்தான் காரணம்னு எனக்குத் தெரியும். மூத்தவளக் கட்டுனா ஆம்பளைக்கு ஆயுசு குறையும்பாக. அதுலயும் நான் பூராடம். ஒண்ணுக்கு ரெண்டு. வருசா வருசம் ஆவணி அஸ்தம் தாண்டுனா அப்பாடான்னு இருக்கும். இன்னும் ஒரு வருசம் போச்சு, அவுக இருக்காகன்னு. அத யாருக்கும் கேக்காம மனசுக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் நாப்பது வருசம் ஓட்டிருக்கேன். நீ என்னடான்னா மேளம் வச்சுச் சொல்லணுங்கிற."

விசேஷம் என்றாலே சாப்பாடும் புடவையும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். புருஷனுடைய பிறந்த நாளை ஒருத்தி கண்டம் தாண்டுகிற மாதிரி தாண்டிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் அதே வீட்டில் வளர்ந்திருக்கிறேன். பாவமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வழக்கம்போல யோசிக்காமல் வழி சொல்ல ஆரம்பித்தேன்.

"ரோகிணின்னே சொல்லிரு. ஐயருக்கு என்ன தெரியப்போகுது?"

"மொதத் தடவை எங்கய்யா சொன்ன பொய். இப்ப என் வாயால, அக்கினிக்கு முன்னாடி நான் சொல்லணும். அந்தத் தாலி அவுகளக் காக்குமா?"

"அப்ப உள்ளதச் சொல்லிரு."

"உங்க அத்தை இருக்காக, ஊரே இருக்கும். மறுநாள் அவுகளுக்குத் தலைவலி வந்தாக்கூட எல்லாரும் என்னத்தானே பாப்பாக. அவுகளே என்னப் பாப்பாக."

"சரி, அப்ப வேணாம். நிறுத்திருவோம்."

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டாள். "எப்படிடி நிறுத்துறது? சவரம் பண்ணிட்டு வந்து நின்னாகளே, பாத்தேல்ல" என்றாள்.

பொய் சொன்னால் தாலிக்கு ஆகாது. உண்மை சொன்னால் அவளுக்கு ஆகாது. நிறுத்தினால் அப்பாவுக்கு ஆகாது. மூன்று பக்கமும் அடைத்துக்கொண்டு நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலைமேல் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா என்னிடம் வந்தார். விசேஷத்துக்கென்று நான் வாங்கி வந்திருந்த பட்டுவேட்டியைக் கையில் வைத்திருந்தார்.

"இத எடுத்துட்டுப் போயி மாப்பிள்ளைக்குக் குடுத்துரு ஆத்தா."

"ஏம்ப்பா?"

"வேணாம். அவளுக்கு இஷ்டமில்ல." கொஞ்ச நேரம் வேட்டியின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதத் தடவை அவள யாரும் கேக்கல. எங்கக்கா போயிப் பாத்தாக, கட்டிவச்சாக. நானும் கேக்கல. இப்பத்தான் அவ வாயத் தொறந்து சொல்லியிருக்கா, பிடிக்கலன்னு. நாப்பது வருசம் சேந்து இருந்துட்டு இன்னொரு தரம் கட்டிக்க வேணாங்குறா. என்னத்தச் சொல்றது. எங்கிட்ட ஏதோ குறை இருக்கப் போய்த்தானே."

அப்பா இவ்வளவு வார்த்தைகள் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. அதெல்லாம் இல்லை அப்பா, முட்டி வலி என்றேன். "தைலத்தப் பூரா தேச்சுட்டாளே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தியம் செய்துவிட்ட பாவத்துக்கு வாயை மூடிக்கொண்டு வேட்டியை வாங்கிக்கொண்டேன்.

வாங்கிய கையோடு நேரே அம்மாவிடம் போனேன். அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். ரகசியத்தைச் சொல்லக் கூடாது என்றுதான் சத்தியமே தவிர, அவர் பேசியதைச் சொல்லக் கூடாது என்று இல்லையே. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தன்கிட்டக் குறைன்னா சொன்னாக?"

"ஆமா."

"அவுககிட்டயா?"

"ஆமாங்கிறேன்ல."

ஊதுகுழலை எடுத்து இரண்டு ஊது ஊதினாள். அப்புறம், "நாள் குறிச்சது குறிச்சபடி இருக்கட்டும். வேட்டிய அவுககிட்டயே குடுத்துரு" என்றாள். என்ன நட்சத்திரம் சொல்லப்போகிறாள் என்று கேட்டேன். தெரியலை என்றாள். நாள் நெருங்க நெருங்கக் கேட்டுப் பார்த்தேன். கடைசி வரை தெரியலை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

விசேஷத்தன்று களத்தில் பந்தல் போட்டிருந்தோம். ஊரில் பாதி வந்துவிட்டது. அப்பா கழுத்தில் ரோஜா மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சந்தோஷம் இருந்தது, கூடவே அம்மாவை அவ்வப்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றவள் ஏன் வந்து உட்கார்ந்தாள் என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம். அம்மா அரக்குப் புடவையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, காதோரம், "ரோகிணி, ரோகிணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி.

ஐயர் அப்பாவின் பேரைச் சொன்னார், அஸ்தம் என்றார். அம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மாவோட நட்சத்திரம் சொல்லுங்கோ."

அவள் வாயைத் திறக்கவில்லை. ஐயர் மறுபடி கேட்டார். பக்கத்தில் நின்ற அத்தை, "ரோகிணி சாமி" என்று தானே சொன்னாள். நான் மூச்சு விட்டேன். தப்பித்தோம், பொய்யை அவள் சொல்லவே வேண்டாம், அத்தையே சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன்.

"இல்ல சாமி. பூராடம்" என்றாள் அம்மா.

மெல்லத்தான் சொன்னாள். பந்தலுக்கே கேட்டது. அத்தை முன்னால் வந்து, "என்ன ஒளர்ற? ரோகிணின்னுல்ல எழுதிக் குடுத்தாக உங்கய்யா! சார்வரி மார்கழி ரோகிணி! நான் என் கையால வாங்கியாந்தேன்" என்றாள்.

"அது எழுதுனது மதினி. நான் பொறந்தது துன்முகி."

கூட்டத்தில் சலசலப்பு. யாரோ ஒருத்தி, பூராடமாம் என்று பக்கத்தில் சொல்வது கேட்டது. அம்மா அத்தையைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா குழம்பிப்போய்விட்டார். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அப்புறம் மாலைக்குள்ளிருந்து கையை எடுத்து விரலை மடக்கத் தொடங்கினார். "துன்முகி... ஹேவிளம்பி... விளம்பி..." ஒரு தடவை தப்பிப்போய்த் திரும்ப ஆரம்பித்தார். ஐயர், நான், அத்தை, ஊர் எல்லோரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். எண்ணி முடித்தால் இவர் மணையை விட்டு எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப உனக்கு அறுவது முடிஞ்சு ரெண்டு வருசத்துக்கு மேல ஆயிருச்சே" என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள்.

"ஒருத்தரும் ஒண்ணும் செய்யலையே, புள்ள. அன்னைக்கு என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அம்மா உடைந்து அழுதாள். நாற்பது வருஷ ரகசியத்தைக் களத்தில் வைத்து என்னிடம் சொன்னபோதுகூட அவள் அழவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று அவ்வளவு கேட்டேனே, வருஷத்தைக்கூட விரல்விட்டு எண்ணினேனே, உனக்கு அறுபது எப்போது போனது என்று என் வாயில் வரவில்லையே. பெற்ற பெண் நான். அவருக்குத்தான் அது முதலில் தோன்றியது.

அப்பா ஐயர் பக்கம் திரும்பி, "பூராடம்னே சொல்லுங்க சாமி. தண்ணி ஊத்துறப்ப அவளுக்கு மொத ஊத்துங்க. மூத்தவளாச்சே" என்றார். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள், இது என்ன கல்யாணம் என்று புலம்பினாள். "நாப்பது வருசம் ஏமாந்தவன் நான். எனக்கு வராத கோவம் ஒனக்கு எதுக்குக்கா?" என்றார் அப்பா. தாலி கட்டும்போது அவருக்கு இருந்த அவசரத்தில் மூன்றாவது முடிச்சை நான் பிடித்துக்கொடுக்க வேண்டியிருந்தது. அத்தை சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பந்தியில் வந்து உட்கார்ந்தாள். பாயசம் இரண்டு தரம் வாங்கிக்கொண்டாள்.

எல்லாம் சுபம் என்று இங்கே நிறுத்திவிட ஆசைதான். ஆனால் அப்பா அன்று மத்தியானத்துக்கு மேல் ஒரு மாதிரி ஆகிவிட்டார். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அவள நான் புள்ளன்னுதான் கூப்புட்டுக்கிட்டு இருந்தேன். இனிமே எப்படிக் கூப்புடுறது?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். இரண்டு நாள் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. அம்மா எதையாவது கொண்டுவந்து கொடுத்தால் மூத்தவர்களுக்கு எழுவது மாதிரி எழுந்து வாங்கிக்கொண்டார். அவள், "ஏங்க இப்படிப் பண்றீக?" என்று கேட்டுவிட்டாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் அவர்.

அப்போதுதான் அம்மா காய்ச்சல், கிணறு, பாம்பு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். நான் உள்ளே புடவைகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். நட்சத்திரம் மாறியதற்கும் வயது மாறியதற்கும் கோபப்படாத அப்பாவுக்கு அதைக் கேட்டுத்தான் கோபம் வந்தது. "வடம் அந்து விழுந்ததுக்கு வடந்தான் காரணம். பழைய வடத்தப் போட்டது நான். பாம்ப மிதிச்சதும் நான். இதையெல்லாம் நீ ஏன் உன் தலையில போட்டுக்கிட்டுத் திரிஞ்சே?" என்று கத்தினார். சொல்லி முடித்ததில் அம்மாவுக்கு நிம்மதியா, இனி மறைக்கவும் ஒன்றுமில்லையே என்று திகைப்பா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரி வயதைக் கேட்டபோது, அறுபத்து ரெண்டா, ஐம்பத்தெட்டா என்று அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொல்ல, நான் முதல் பஸ்ஸில் ஓடினேன். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். உடம்பு கொதித்தது. அம்மா தலைமாட்டில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. விசேஷம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அப்பாவுக்கும் புரிந்திருந்தது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"இந்தா. இது மழையில நனைஞ்ச காய்ச்சல். குடையில்லாம வயலுக்குப் போனது நான். இதையும் நீ எடுத்துக்காதே."

அம்மா அவர் தோளில் ஓர் அடி போட்டாள். அவள் அவரை அடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "பேசாமப் படுங்க" என்று சொல்லிவிட்டுக் கஷாயம் வைக்க எழுந்து போனாள்.

காய்ச்சல் மூன்றாம் நாள் சாயங்காலம் இறங்கியது. அதுவரை அம்மா பச்சைத் தண்ணீர் தவிர வேறெதையும் வாயில் வைக்கவில்லை.